யாரென்று கேட்காத ஹால்

பிரஸ்ஸின் தகட்டைத் தூக்குகிற கைப்பம்பை வெறி பிடித்தவன் மாதிரி அடித்துக்கொண்டிருந்தேன்.

பிரஸ் பாதியில் நின்றுவிட்டது. மேல்தகடு கீழேயும் வராமல் மேலேயும் போகாமல் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கொதிக்கிற சூடு, ஈரப் பசை, அடுக்கி வைத்த மரத்தாள்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்தால் பசை இறுகி, தகடும் பலகையும் பிரிக்க முடியாத ஜோடியாகிவிடும். ஆனால் நான் பதறியது பசைக்காக இல்லை.

நிற்பதற்கு ஒரு கணம் முன்னால், தகடுகளுக்கு நடுவே, எதிர்ப்பக்கத்திலிருந்து உள்ளே நீண்டிருந்த ஒரு கையைப் பார்த்திருந்தேன்.

"ஏறு... ஏறித் தொலை சனியனே!"

தகடு முனகிக்கொண்டே ஏறியது. முட்டி போட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். கை இல்லை. ரத்தம் இல்லை. மரத்தாள்கள் மட்டும் ஆவி விட்டபடி சமர்த்தாகக் கிடந்தன.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எதிர்ப்பக்கத்திலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "என்னாச்சுங்க? ஏன் நிறுத்தினீங்க?"

"நான் நிறுத்தல. உன் கை நல்லா இருக்கா?"

"என் கைக்கு என்ன? ரெண்டும் இருக்கு. அடுத்த அடுக்கை எடுக்கப் பின்னாடி போயிட்டேனே நான்!"

மிஷினை நிறுத்துகிற பட்டனை அவள் அமுக்கவில்லை. நானும் அமுக்கவில்லை. ஆனால் அமுக்கியது யார் என்று எனக்குத் தெரியும். கையை மட்டுமா பார்த்தேன்? அந்தக் கைக்குப் பின்னால், தூணில் இருக்கிற சிவப்பு பட்டனை ஓங்கி அறைந்த ஆளின் முகத்தையும்தான் பார்த்தேன்.

எழுந்திருப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"ஆக, ஆரம்பிச்சிட்டீங்க!"

திரும்பினேன். டை சார்.

தலைமை ஆபீஸிலிருந்து வந்திருக்கும் பெரிய அதிகாரி. அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருக்கும். ஆனால் மரத்தூள் பறக்கிற ஹாலில் கழுத்தை இறுக்கி டை கட்டிக்கொண்டு ஒருவர் நடந்தால் எங்கள் ஆட்கள் வேறென்ன பெயர் வைப்பார்கள்? கையில் போனைத் தூக்கிப் பிடித்து, நின்றுபோன பிரஸ்ஸைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்.

"நேத்து கேட்டுல நின்னு என்ன சொன்னீங்க? 'எங்க ஆளைத் தொட்டுப் பாருங்க, மிஷின் எப்படி ஓடுதுன்னு நானும் பாக்கறேன்'னு சொன்னீங்களா இல்லையா?"

சொன்னேன். என் வாய் அப்படி. ஹாலில் எனக்குப் பட்டாசு என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. திரி எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது, ஊருக்கெல்லாம் தெரியும்.

"சொன்னேன் சார். ஆனா இன்னைக்கு நான் நிறுத்தல."

"அப்ப யாரு?"

பக்கத்து பிரஸ்ஸில் லீவரைப் பிடித்திருந்தவர், பசை வாளியோடு போன அம்மா, வண்டி தள்ளியவர், எல்லோரும் அப்படியே நின்றார்கள். அவர் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டார்.

விஷயம் புரிய வேண்டுமானால் எங்கள் வேலை புரிய வேண்டும். ப்ளைவுட் செய்கிறோம். பென்சில் சீவுகிற மாதிரி மரத்தைச் சுற்றிச் சுற்றிச் சீவி, அந்தத் தாள்களில் பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சூடான தகடுகளுக்கு நடுவே அழுத்தினால் பலகை. அழுத்துகிற பிரஸ் ஒரு அறை அளவு இருக்கும். முன்பக்கம் ஒரு ஆள், பின்பக்கம் ஒரு ஆள். முன்னால் நிற்கிறவன் அடுக்கைத் தள்ளிவிட்டு, ஓரத்தூணில் இருக்கிற லீவருக்குப் போவான். பின்னால் நிற்கிறவர் தாள்களின் விளிம்பைக் கையால் சேர்த்துவிட்டுக் கையை வெளியே எடுக்க வேண்டும். லீவரிடம் நிற்பவனுக்கு அந்தக் கை தெரியாது. அதனால் கத்துவான்.

"விட்டாச்சா?"

"விட்டாச்சு!"

அந்தப் பதில் காதில் விழுந்தால்தான் லீவர். விழாவிட்டால் முதலாளியே வந்து நின்றாலும் லீவர் நகராது.

முன்னால் கத்துவது நான். பின்னால் பதில் சொல்வது என் மனைவி. அவளுக்கு ஹாலில் எதிரொலி என்று பெயர். வீட்டில் நான் பத்து தடவை கூப்பிட்டாலும் ஒரு தடவை பதில் வராது. "அதான் மிஷின்ல நாள் பூரா சொல்றேனே, போதாதா?" என்பாள். ஆனால் மிஷினில் அவள் பதில் தவறியதே கிடையாது. அவள் விட்டாச்சு என்றால் விட்டாச்சு.

அந்தப் பின்பக்க வேலைக்குத்தான் இப்போது உலை வைத்திருந்தார்கள். தகடுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு மாட்டப் போகிறார்களாம். கை குறுக்கே வந்தால் விளக்கு பார்த்து மிஷினை நிறுத்துமாம். ஆகவே பின்பக்க ஆள் வேண்டாம். எல்லோரும் பேக்கிங்குக்குப் போகலாம், சம்பளத்தில் ஒரு படி கீழே இறங்கி.

நல்லவேளை, எங்கள் கூட்டு ஒப்பந்தத்தில் பதினாலு என்று ஒரு பிரிவு இருந்தது. வேலை செய்கிற முறையை மாற்ற வேண்டுமானால் முதலில் யூனியனோடு பேச வேண்டும். பேசித் தீராவிட்டால் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் போக வேண்டும். அவர் முன்னால் தீரும்வரை பழைய முறை பழையபடியே ஓடும். கம்பெனி எதையும் மாற்றக் கூடாது, நாங்கள் எதையும் நிறுத்தக் கூடாது. யார் முதலில் மீறுகிறார்களோ அவர்களுக்குப் பதினாலின் பாதுகாப்பு கிடையாது.

சமரச அதிகாரி அன்றைக்குத்தான் வந்திருந்தார். மாடியில், மீட்டிங் ரூமில், காலையிலிருந்து பேச்சு. டீ குடிக்க இடைவேளை விட்ட நேரத்தில்தான் டை சார் கீழே இறங்கி வந்தார். வந்தவருக்கு, நின்றுபோன மிஷின்!

"கேட்டது காதுல விழலையா? சிவப்பை அமுக்கினது யாரு?"

"சார்," என்றேன், "இந்த ஹால்ல அதைக் கேக்கக் கூடாது."

"என்னது?"

"ஏன் அமுக்கினாங்கன்னு கேக்கலாம். யாரு அமுக்கினாங்கன்னு கேக்கக் கூடாது. எங்க வழக்கம்."

டை சார் சிரித்தார். "வழக்கமா? நல்லா இருக்குய்யா உங்க வழக்கம். திருடன்கூட வச்சுக்கலாம்."

அவருக்கு எப்படித் தெரியும்? முன்பெல்லாம் சிவப்பை அமுக்கினால் உள்ளே இருக்கிற பலகை வீணாகும். அமுக்கியவரை நடு ஹாலில் நிறுத்தி மேஸ்திரி வறுத்தெடுப்பார். அப்படி ஒரு தடவை எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கிய ஒருத்தர், அடுத்த தடவை பட்டன்மேல் கையை வைத்தபடி யோசித்தார். அமுக்கலாமா, வேண்டாமா, நிஜமாகவே ஆபத்தா, மறுபடி திட்டு விழுமா என்று. யோசித்த நேரம் கண் சிமிட்டுகிற நேரம்தான். எதிரில் இருந்தவருடைய விரல்கள் போய்விட்டன. அன்று சாயங்காலமே ஹாலில் எல்லோரும் கூடிப் பேசி முடித்தார்கள். இனிமேல் சிவப்பை அமுக்கியது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை, ஒருவரும் சொல்வதில்லை. தெரிந்தாலும் சொல்வதில்லை. அமுக்குகிற கை ஒரு கணம்கூடத் தயங்கக் கூடாது.

எங்கள் மேனேஜரும் இங்கே சேர்ந்த புதிதில் இதே தப்பைச் செய்தவர்தான். "யாரு?" என்று கேட்டார். சுவரோடு பேசின மாதிரி ஆயிற்று. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "சரி, ஏன்?" என்றார். உடனே நாலு பேர் பதில் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் யாரு என்று கேட்டதே இல்லை.

டை சாருக்கு அந்தப் பொறுமை கிடையாது. போனைப் பையில் போட்டார்.

"மேல வாங்க. ரெண்டு பேரும். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும்!"

---

படிக்கட்டுத் திருப்பத்தில் அக்கா நின்றிருந்தாள்.

என் கூடப்பிறந்த அக்கா. மரம் சீவும் மிஷினில் வேலை. அதோடு யூனியன் செயலாளர். வீட்டில் மாமாவை உட்காரவும் நிற்கவும் வைக்கிற அதே பார்வையால்தான் கம்பெனியையும் பார்ப்பாள்.

"டேய், இங்க வா."

போனேன். என் காதைப் பிடித்துத் திருகுவாள் என்று நினைத்தேன். சின்ன வயதில் அதுதான் நடந்திருக்கும்.

"காரணம் இருந்துச்சா?"

யாரு என்று கேட்கவில்லை. நீயா என்றுகூடக் கேட்கவில்லை. நேற்று கேட்டில் நான் வாய் விட்டது அவளுக்கும் தெரியும். மேலே இருக்கிற எல்லோரும் நான்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள் என்பதும் தெரியும். இருந்தும் கேட்கவில்லை.

"இருந்துச்சுக்கா. உள்ள ஒரு கை இருந்துச்சு."

"யாரோட..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வேண்டாம். அதுவும் யாருன்னு கேக்கறதுதான். கை தப்பிச்சுதா?"

"தப்பிச்சுது."

"அது போதும்." முந்தானையை இழுத்துச் செருகினாள். "இங்க பாரு. மேல பேச்சு நல்லா முடிஞ்சு போற நேரம். கடைசி வரியில நிக்குது. நீ பட்டாசு வேலை காட்டினே, வீட்டுக்குள்ள விட மாட்டேன்."

"அண்ணி, நான்?" என்றாள் என் மனைவி.

"உனக்கு நான் சொல்லணுமா? நீ அவனைப் பிடிச்சுக்கோ, அது போதும்."

---

மீட்டிங் ரூமில் நீள மேஜை. ஒரு பக்கம் யூனியன், ஒரு பக்கம் கம்பெனி. தலைப்பக்கத்தில் சமரச அதிகாரி. தலை நரைத்த அம்மா. மூக்குக் கண்ணாடியை நொடிக்கொரு தரம் கழற்றித் துடைப்பார். எங்கள் மரத்தூள் அவரையும் விடவில்லை.

கம்பெனி பக்கம் டை சார், அவருக்குப் பக்கத்தில் மேனேஜர், அவருக்குப் பக்கத்தில் காலி நாற்காலி. அது இன்ஜினியருடையது. "உடம்பு சரியில்லன்னு போயிட்டாராம்," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை. எப்போதும் மணிக்கட்டில் பட்டன் போட்டிருக்கும் முழுக்கைச் சட்டையை அன்றைக்கு முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தார். டம்ளரை எடுத்தார், குடித்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"முதல்ல எது முடிஞ்சிருக்கோ அதை ஒரு தடவை சொல்லிடறேன்," என்றார் சமரச அதிகாரி. "அப்புறம் சண்டை போடுங்க."

அவர் சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. காலையிலிருந்து அக்கா உட்கார்ந்து வாங்கியிருந்ததெல்லாம் அதில் இருந்தது. விளக்கை ஒரு பிரஸ்ஸில் மட்டும் மாட்டிச் சோதித்துப் பார்ப்பது. சோதனை முடியும்வரை பின்பக்க ஆள் அங்கேயே இருப்பது. சோதனையை இரண்டு தரப்பும் சேர்ந்து பார்த்து, சேர்ந்து முடிவு சொல்வது. பிறகு ஒருவேளை ஆள் குறைந்தாலும் யாரும் படி இறங்குவதில்லை. புது வேலைக்குப் பயிற்சி கொடுத்து அதே படியில் வைப்பது. ஒத்துப்போகாவிட்டால் மறுபடி இதே மேஜை.

கம்பெனியும் ஒன்று வாங்கியிருந்தது. விளக்கையே மாட்டக் கூடாது என்று நாங்கள் பிடித்த பிடியை அக்கா விட்டிருந்தாள். நேற்று கேட்டில் இதைக் கேட்டிருந்தால் நானே அக்காவை எதிர்த்துக் கத்தியிருப்பேன். அதையும் அவள் மறைக்கவில்லை.

"விளக்கு வேண்டாம்னு நாங்க சொல்லல. விளக்கு வந்துச்சுன்னு ஆளை விரட்டாதீங்கன்னு சொல்றோம். விளக்குக்கு மரத்தூள் படிஞ்சா கண்ணு மூடிக்கும். இந்தக் கட்டடத்துல தூள் படியாத ஒரே பொருள் சாரோட டைதான். அதுவும் இன்னும் கொஞ்ச நேரம் கீழ நின்னிருந்தா படிஞ்சிருக்கும்."

சமரச அதிகாரி கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

டை சார் சிரிக்கவில்லை. "இதெல்லாம் ஒரு மணி நேரம் முன்னாடி இருந்த நிலவரம்மா. இப்ப மிஷினை நிறுத்திட்டாங்க. பேச்சு நடக்கும்போதே! பதினாலை மீறினது அவங்க. எனக்கு ரெண்டே வழிதான். பேரைக் குடுங்க. அது ஒரு தனி ஆளோட ஒழுங்கீனம், அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பிட்டு இதுல கையெழுத்துப் போடறேன். பேரைக் குடுக்கலையா? அப்ப யூனியன் சேர்ந்து செஞ்ச வேலைநிறுத்தம். பதினாலு செத்துப்போச்சு. திங்கட்கிழமை எல்லா பிரஸ்லயும் விளக்கு. பின்பக்கம் ஒரு ஆள்கூட இருக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பேர் என்று அவர் கேட்டது யாருடையதை என்று அந்த ரூமில் தெரியாதவர் இல்லை.

யோசித்துப் பாருங்கள். அக்கா என் பேரைச் சொன்னால் எல்லோருடைய வேலையும் பிழைக்கும். தம்பி ஒருத்தன் போவான். சொல்லாவிட்டால் அத்தனை பேருடைய பின்பக்கமும் போகும், என் மனைவியுடையது உட்பட. கூடப் பிறந்தவன் என்பதால் காப்பாற்றினாள் என்று நாளைக்கு யூனியனுக்குள்ளேயே நாக்கு நீளும்.

அக்கா அவசரப்படவில்லை.

"பேர் கிடையாது சார்."

"யோசிச்சு சொல்லுங்க."

"இதுல யோசிக்க ஒண்ணும் இல்ல. சிவப்பு அமுக்கறது வேலையை நிறுத்தறது இல்ல. அதுவும் வேலைதான். லீவர் இழுக்கறது எப்படி வேலையோ, அப்படி. யாருன்னு கேக்காம இருக்கறதும் இங்க வேலை செய்யற முறைதான். அந்த முறையை மாத்தணும்னா பதினாலுல போட்டுக் கேளுங்க. உக்காந்து பேசலாம். ஆனா பேசி முடியற வரைக்கும் பழைய முறைதான் ஓடும். அதுதானே ஒப்பந்தம்?"

அந்த இடத்தில் கைதட்டினால் வீட்டுக்குள் விடமாட்டாள். மேஜைக்கு அடியில் மனைவியின் கையைப் பிடித்து அழுத்தினேன். அவள் திருப்பி அழுத்தினாள்.

சமரச அதிகாரி கண்ணாடியை மாட்டினார். "நானும் யாருன்னு கேக்கல. ஏன்னு கேக்கலாமில்ல?"

"தாராளமா."

"ஏன்?"

அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். எழுந்து நின்றேன்.

"லீவரை இழுத்துட்டு நடுவுக்கு வந்து குனிஞ்சு பார்த்தேன்மா. குனியறது எனக்குப் பழக்கம். தகடு இறங்குது. எதிர்ப்பக்கத்துல இருந்து ஒரு கை உள்ள நீண்டிருக்கு. நான் கத்தறதுக்கு வாயைத் திறக்கறேன், அதுக்குள்ள சிவப்பு விழுந்து மிஷின் நின்னுடுச்சு. விழலேன்னா அந்தக் கை இப்ப இல்ல."

"யாரோட..." என்று ஆரம்பித்த சமரச அதிகாரியும் நிறுத்திக்கொண்டார்.

டை சாருக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆயிற்று. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பின்பக்கம் நிக்கறது ஒரே ஆள். இந்தம்மா. அப்ப அது இந்தம்மா கை. அப்படித்தானே? 'விட்டாச்சு'ன்னு சொல்லிட்டுக் கையை உள்ளயே வச்சிருந்திருக்காங்க. இதைத்தானே நானும் சொல்றேன்? மனுஷங்க வாய்ப்பேச்சை நம்பி மிஷின் ஓட்ட முடியாது. விளக்கு பொய் சொல்லாது. இவங்க பொய் சொல்லியிருக்காங்க."

எனக்குத் திரி பற்றிக்கொண்டது. அது என்னை ஒழுங்கீனம் என்று சொன்னதற்குப் பற்றியதில்லை. அவளைப் பொய் என்றதற்கு.

மேனேஜர் கையில் டம்ளர் நின்றுவிட்டது. குடிக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை.

என் வாயில் அந்தப் பேர் வந்து நின்றது. ஒரே ஒரு பேர். சொன்னால் அவள் பொய் சொல்லவில்லை என்று ஆகிவிடும். என் வேலை பிழைக்கும். பதினாலு பிழைக்கும். டை சாரின் முகம் அவர் கட்டியிருக்கும் டையை விடக் கீழே தொங்கும். எல்லாம் ஒரே மூச்சில்.

"சார், அது இவ கை இல்ல! அது..."

மேஜைக்கு அடியில் என் கட்டைவிரலை ஒரு முறுக்கு முறுக்கினாள். வலியில் வாய் மூடிக்கொண்டது. அவள் எழுந்தாள்.

"ஐயா, நான் விட்டாச்சுன்னு சொன்னா விட்டுட்டேன்னு அர்த்தம். இவர் லீவரை இழுக்கறதுக்கு முன்னாடியே நான் திரும்பி நடந்துட்டேன். அது என் கை இல்ல."

"அப்ப யாரோடது?"

"நான் பாக்கல. இவர் பார்த்திருக்கார். முகத்தைப் பார்த்தாலே தெரியுது எனக்கு, கூடக் குடும்பம் நடத்தறேனே. ஆனா நான் கேக்க மாட்டேன். இவர் சொல்லவும் கூடாது."

"உங்களைப் பொய்யின்னு சொல்றேன்மா! உங்க பேர் போகுது. அதுக்கும் பரவாயில்லையா?"

"பரவாயில்லன்னு யார் சொன்னா? வயிறு எரியுது." குரல் லேசாக உடைந்தது. உடனே அதை இழுத்துக் கட்டினாள். "ஆனா என் பேரைக் காப்பாத்திக்கறதுக்காக இன்னைக்கு ஒரு பேரைச் சொல்ல வச்சேன்னு வைங்க. நாளைக்கு என் கை உள்ள மாட்டும்போது, சிவப்புக்குப் பக்கத்துல நிக்கறவர் ஒரு நொடி யோசிப்பார். அந்த ஒரு நொடிக்கு யார் பதில் சொல்றது? நீங்களா? விளக்கா?"

இரண்டு உள்ளங்கையையும் மேஜைமேல் விரித்து வைத்தாள்.

"நல்லது செஞ்ச கைக்குக்கூடப் பேர் கேக்க மாட்டோம் ஐயா. அதுதான் எங்க ஹால்."

உட்கார்ந்துவிட்டாள். நான் அவளைப் பார்த்தேன். என்னோடு கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் ஒரேயடியாக இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அக்கா தன் நாத்தனார் கெத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, கைக்குட்டையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

டை சார் மட்டும் மசியவில்லை. காகிதத்தை மூடினார். பேனாவைப் பையில் செருகினார்.

"பேச்செல்லாம் நல்லா இருக்கு. ஆனா எனக்கு வேண்டியது பேர். கடைசியா ஒரு தடவை கேக்கறேன்." என் பக்கம் திரும்பினார். "நீங்க பார்த்திருக்கீங்க. உங்க வாயாலயே சொன்னீங்க. சொல்லுங்க. இல்லேன்னா இதோட எழுந்துடறேன். நீங்களும் வீட்டுக்குப் போகலாம், உங்க பதினாலும் போகலாம்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வேண்டுமென்றுதான். முடிவை என் கையில் விட்டுவிட்டாள். கீழே ஹாலில் மற்ற பிரஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. சுவரைத் தாண்டி மெல்லியதாகக் கேட்டது, விட்டாச்சா, விட்டாச்சு, விட்டாச்சா, விட்டாச்சு என்று. ஒரு கூப்பாடுகூடப் பதிலில்லாமல் போகவில்லை.

"சார்," என்றேன், "பட்டாசுன்னுதான் எனக்குப் பேரு. ஆனா இன்னைக்கு நான் நமுத்துப்போன பட்டாசு. என்ன வேணா பண்ணிக்கோங்க. வெடிக்க மாட்டேன்."

டை சார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்க," என்றது ஒரு குரல்.

மேனேஜர்.

அவர் எழுந்து நின்றிருந்தார். டம்ளர் கவிழ்ந்து, தண்ணீர் மேஜையில் ஓடி டை சாரின் காகிதத்தை நனைத்தது. அதை யாரும் துடைக்கவில்லை.

"யாருன்னு கேக்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அந்த ஹால்தான்," என்றார். டை சாரைப் பார்த்துப் பேசவில்லை, சமரச அதிகாரியைப் பார்த்துப் பேசவில்லை. எதிரொலியை, என் மனைவியைப் பார்த்துப் பேசினார். "அம்மா, நீங்க 'விட்டாச்சு'ன்னு சொன்னது சத்தியம். நீங்க கையை எடுத்துட்டுத் திரும்பி நடந்த பிறகுதான் அந்தக் கை உள்ள போச்சு. அது எங்க இன்ஜினியர் கை. விளக்கு எங்க மாட்டலாம்னு அளவெடுக்க, பின்கதவு வழியா வந்தான். பதினாலு நடப்புல இருக்கும்போது வந்திருக்கக் கூடாது. வந்தான்."

"என்ன பேசறீங்க நீங்க?" டை சாரின் குரல் கிறீச்சிட்டது. "தெரிஞ்சுதான் பேசறீங்களா? கம்பெனி மீறிச்சுன்னு நீங்களே..."

"தெரிஞ்சுதான் பேசறேன்."

"ஒரு நிமிஷம்," என்றார் சமரச அதிகாரி. கண்ணாடியைக் கழற்றவில்லை. "இதை உங்களுக்கு அந்த இன்ஜினியர் சொன்னாரா?"

"இல்லம்மா. அவன் பேசற நிலைமையில இல்ல. நடுங்கிட்டு இருந்தான். வெளிய இழுத்துட்டுப் போய் வண்டியில ஏத்தி அனுப்பினேன்."

"அப்ப உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேனேஜர் மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை மெதுவாகப் பிரித்து இறக்கினார். மணிக்கட்டு ஓரம் முழுக்க எங்கள் பசை, காய்ந்து பழுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது. பிறகுதான் முதல்முறையாக என்னைப் பார்த்தார். தகடுகளுக்கு நடுவே காலையில் பார்த்த அதே கண்கள்.

"அவனைக் கூட்டிட்டு வந்தவன் நான். பக்கத்துலயே நின்னேன். சிவப்பை அமுக்கினதும் நான்தான்."